பின்னச்சு

பெருமாள்மலை எடைமேடையில்
எனக்கு இரவு வேலை.
ஒரு கண்ணாடிக் கூண்டு, ஒரு சுருள் எரிந்துபோன ஹீட்டர்,
சிவப்பு எண்கள்.
வண்டிகளின் முகம் எனக்குப் பழக்கமில்லை.
மேடையை விட்டு இறங்கும்போது
பின்புறம்தான் என் ஜன்னலுக்கு நேரே வரும்:
பாரத்தில் நிமிர்ந்துபோன பட்டைகள்,
சேறு அப்பிய குழாய்,
நடுவே தொங்கும் அந்த இரும்புத் தொப்பை.

இன்னாசி வண்டியில்
சக்கரத்தின் நடுவிலிருந்து
எட்டு போல்ட்டு வைத்த மூடி ஒன்று துருத்தி நிற்கும்.
பூவலிங்கம் வண்டியில் அது கிடையாது.
இதை வைத்து இரண்டு வருஷமாகச் சண்டை.

"எனக்குப் பாரம் பூராவும் கூட்டு மேல.
ஷாஃப்ட்டு சுத்தினாப் போதும்.
ஒனக்குச் சுமக்குறதும் அதான், சுத்துறதும் அதான்.
முறிஞ்சா ஒன் சக்கரம்
ஒனக்கு முந்தி வத்தலக்குண்டு போயிரும்."

பூவலிங்கம் டீயை ஊதிக்கொண்டே இருப்பான்.
"முறியட்டும், பாப்போம்."

வத்தலக்குண்டில் சிக்கந்தர் பாயிடம்
பஞ்சாயத்துக்குப் போனார்கள்.
இரண்டு வண்டிக்கும் அடியில் படுத்து எழுந்து
கையைத் துடைத்தபடி அவர் சொன்னாராம்:
"ரெண்டும் நல்ல அச்சுதான்.
ஆளுங்கதான் சரியில்ல."

என்னிடம் கேட்டிருக்கலாம்.
இன்னாசியின் சீட்டுகள், சரக்கு மட்டும்:
இரண்டாயிரத்து நானூறு.
இரண்டாயிரத்து ஐந்நூற்று எண்பது.
மழையில் நனைந்த முட்டைக்கோஸ் ஒரு தடவை
இரண்டாயிரத்து எழுநூறு.
பூவலிங்கம்:
ஆயிரத்து நூறு. ஆயிரத்து நூறு.
ஒரே ஒருநாள் ஆயிரத்து முந்நூறு வந்தபோது
இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டினான்,
"அக்கா, ஒங்க மேடை சரியா இருக்கா?"

அச்சத்துக்கும் அச்சுக்கும்
ஓர் எழுத்துதான் வித்தியாசம் என்று
அன்று சிரித்தேன்.

ஆவணிக் கடைசி, பூம்பாறையில் பூண்டு எடுத்த சமயம்.
செண்பகனூர் தாண்டி இறக்கத்தில்
இரண்டாவது கியரில் வந்துகொண்டிருந்த இன்னாசிக்கு
முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தம்.
வெடி இல்லை. தேங்காய் உடைக்கிற சத்தம்.
அதோடு இன்ஜின் வண்டியைப் பிடிப்பதை விட்டுவிட்டது.
பிரேக்கில் ஏறி நின்று, மண்சரிவில் சாய்த்து,
கிளீனர் பையன் குதித்துக் கல் போட்டு
வண்டி நின்றபோது
நான்கு சக்கரமும் அதனதன் இடத்தில் இருந்தன.

அவன் சொன்னது சரிதான்.
அந்த இருட்டில் அதைச் சொல்லிக்காட்ட ஆளில்லை.

அரை மணி கழித்துப் பின்னால் வந்தது
கேரட்டோடு பூவலிங்கம் வண்டி.
விடிந்தால் சந்தை.
என்ன பேசிக்கொண்டார்களோ,
இருபது மூட்டை இந்த வண்டிக்கு மாறியது.
மிச்சம் தார்ப்பாயின் கீழ், பையனின் காவலில்.

என் மேடைக்கு வந்தபோது மணி இரண்டு பத்து.
வண்டியைக் கழித்தால்
இரண்டாயிரத்து இருநூற்றுப் பத்து.
பூவலிங்கம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி
நேரே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
எண்ணை அவனும் பார்க்கவில்லை, எண்ணும் அவனை.

பக்கத்து சீட்டில் இன்னாசி,
மடியில் சாக்கில் சுற்றிய ஷாஃப்ட்டுத் துண்டு.
குழந்தையைக் காட்டுகிற மாதிரி
விலக்கிக் காட்டினான்.

முறிந்த முகத்தில் பாதி
புதுச் சர்க்கரை போல மின்னியது.
மீதிப் பாதி கறுப்பு,
எண்ணெய் ஊறி, ஓரம் மழுங்கி,
சிப்பியின் முதுகு மாதிரி வரி வரியாக.

"இந்தப் பாதி இன்னைக்கு முறிஞ்சதில்லக்கா," என்றான்.
எப்போது என்று அவனும் எண்ணியிருப்பான்.
முட்டைக்கோஸ் இரவா,
அதற்கும் முந்தியா,
டீக்கடையில் மேசையைத் தட்டிப் பேசிய
ஏதோ ஒரு காலையிலா.
பாதி ஷாஃப்ட்டில்தான்
இத்தனை நாளும் மலை இறங்கியிருக்கிறான்.

நான் சீட்டு எடுக்கவில்லை.
எடுக்கச் சொல்லி அவர்களும் கேட்கவில்லை.

முதல் கியர்.
மூடியில்லாத அந்த வழவழப்பான சக்கரம்
சுமந்துகொண்டும் சுற்றிக்கொண்டும்
ஜன்னலைத் தாண்டிப் போனது.
முதல் வளைவு வரை
சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பிறகு சத்தத்தை மட்டும்.
பிறகு மழை.

திரும்பி எண்களைப் பார்த்தால்
பூஜ்யத்துக்கு வரவில்லை.
பத்துக் கிலோ என்று நின்றது,
காலி மேடை.

சேறாக இருக்கும்.